குவாண்டம் கம்ப்யூட்டர் வந்தால் நம் கிரிப்டோ சாவி என்னாகும்? கடலூர், பாண்டி பக்கம் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

மஞ்சக்குப்பத்தில் எனக்கு ஒரு சின்ன கம்ப்யூட்டர் சர்வீஸ் கடை. பிரிண்டர், ஹார்டு டிஸ்க், லேப்டாப் கீபோர்டு, இதுதான் பிழைப்பு. கிரிப்டோ வாங்கு என்றோ விற்றுவிடு என்றோ யாரிடமும் சொன்னதில்லை. ஆனால் ஃபெஞ்சல் புயலுக்குப் பின், 2024 டிசம்பர் தொடக்கத்தில் சாத்தனூர் அணைத் தண்ணீர் தென்பெண்ணையில் இறங்கி ஊருக்குள் புகுந்தபோது, நனைந்த ஹார்டு டிஸ்க்குகளோடு நனைந்த டைரிகளும் கடைக்கு வந்தன. டைரிக்குள் கிரிப்டோ வாலட்டைத் திரும்ப எடுக்க உதவும் 12 ஆங்கில வார்த்தைகள். அன்றிலிருந்து இந்தக் கேள்விகள் ஓயவில்லை. இப்போது, குவாண்டம் கம்ப்யூட்டர் என்ற புது வகை மெஷின் வந்து கிரிப்டோ சாவிகளை உடைத்துவிடும் என்ற பயமும் சேர்ந்துகொண்டது. ஆளுக்கு ஆள் சொல்லி மாளவில்லை, அதனால் எழுதி வைக்கிறேன்.

சாவி, 12 வார்த்தை, முகவரி எல்லாம் ஒன்றா, வேறு வேறா?

வேறு வேறு, ஆனால் ஒரே குடும்பம். வாலட் ஆப்பை முதன்முதலில் திறக்கும்போது அது ஒரு பெரிய எண்ணைக் குலுக்கல் முறையில் எடுக்கிறது. நாம் எழுதி வைக்க வசதியாக, 2,048 சொற்கள் கொண்ட ஒரு பட்டியலிலிருந்து 12 அல்லது 24 சொற்களாக அதை மாற்றித் தருகிறது. ஜப்பானியம், கொரியன், செக் மொழிகளுக்கெல்லாம் பட்டியல் உண்டு. தமிழுக்கு இல்லை, அது வேறு வருத்தம்.

அந்தச் சொற்களை ஹாஷ் என்கிற கணக்குக்குள் போட்டு 2,048 முறை அரைத்தால் மூலச் சாவி கிடைக்கும், அதிலிருந்துதான் ஒவ்வொரு முகவரிக்குமான பிரைவேட் கீ பிறக்கிறது. எழுதினால் 78 இலக்கம் வரை போகும் எண் அது. பிரைவேட் கீயிலிருந்து பப்ளிக் கீ வருகிறது. பப்ளிக் கீயை மறுபடி அரைத்தால் நாம் மற்றவருக்கு அனுப்பும் முகவரி. பணத்தை அனுப்பும்போது பிரைவேட் கீயால் கையெழுத்துப் போடுகிறோம், பப்ளிக் கீயை வைத்து உலகம் அதைச் சரிபார்க்கிறது.

'அரைத்தல்' என்று சொன்னேன் இல்லையா, அந்தச் சொல்லை நினைவில் வையுங்கள். கிரைண்டரில் போட்ட அரிசியையும் உளுந்தையும் மாவிலிருந்து திரும்ப எடுக்க முடியாது.

78 இலக்க எண்ணை யாரால் கண்டுபிடிக்க முடியும்? குவாண்டம் கம்ப்யூட்டர் மட்டும் எப்படி முடிக்கும்?

ஒவ்வொரு எண்ணாகப் போட்டுப் பார்த்து முடிக்காது. அப்படித்தான் பலர் நினைக்கிறார்கள், அது தவறு.

பிரைவேட் கீக்கும் பப்ளிக் கீக்கும் நடுவில் நடப்பது அரைப்பது இல்லை, சுற்றுவது. பாடலீஸ்வரர் கோயில் பிராகாரத்தை ஒருவர் சுற்றுகிறார் என்று வையுங்கள். எத்தனை அடி வைத்தார் என்பது அவருக்கு மட்டும் தெரியும். அதுதான் பிரைவேட் கீ. இப்போது எந்தத் தூணருகில் நிற்கிறார் என்பது எல்லோருக்கும் தெரியும். அது பப்ளிக் கீ. சாதாரணப் பிராகாரம் என்றால் டேப் பிடித்து அளந்து சொல்லிவிடலாம். இங்கே ஒவ்வொரு அடியும் எங்கோ தாவி விழுகிறது, பத்தாவது அடிக்கும் பதினோராவது அடிக்கும் சம்பந்தமே இருக்காது. இன்றைய கம்ப்யூட்டருக்கு இதைப் பின்னோக்கிப் போய் எண்ணுவது 2-இன் 128 அடுக்கு அளவுக்கு வேலை. உலகத்துக் கம்ப்யூட்டர் எல்லாம் சேர்ந்தாலும் ஆகாது.

ஆனால் எப்படித் தாவினாலும் சுற்று சுற்றுதான், கடைசியில் தொடங்கிய இடத்துக்கே வந்து சேரும். இந்தத் திரும்பி வரும் ஒழுங்கைத்தான் குவாண்டம் கம்ப்யூட்டர் மோப்பம் பிடிக்கும். அதற்கான வழியை அமெரிக்காவின் பெல் லேப்ஸில் இருந்த பீட்டர் ஷோர் 1994-லேயே எழுதிவிட்டார். பிட்காயின் பிறந்தது 2009-இல். வழி முதலில் வந்தது, பூட்டு பிறகு வந்தது, வழியில் ஓட்ட வண்டிதான் இன்னும் வரவில்லை.

மாவு விஷயத்தில் குவாண்டத்தின் பருப்பு அவ்வளவு வேகாது. 1996-இல் லவ் குரோவர் சொன்ன வழியில் ஹாஷின் பலம் பாதி பிட்டாகக் குறையும் (பிட் என்பது பலத்தின் அளவு, ஒன்று கூடினால் உடைக்கும் வேலை இரட்டிப்பு). 256 பிட் என்றால் 128. அதுவே போதும்.

அப்படியானால் அந்த மெஷின் வந்த அன்றே எல்லா பிட்காயினும் போய்விடுமா?

போகாது. உங்கள் பப்ளிக் கீ ஏற்கெனவே வெளியே தெரிந்துவிட்டதா என்பதைப் பொறுத்தது. இந்தப் பக்கத்தில் ஒரே ஒரு விஷயத்தைத்தான் படிக்க நேரம் இருக்கிறது என்றால் இதைப் படியுங்கள்.

பிட்காயினின் ஆரம்ப நாட்களில் பப்ளிக் கீயை அரைக்காமல் அப்படியே எழுதி வைத்தார்கள். பிட்காயினை உருவாக்கிய சதோஷியுடையது என்று நம்பப்படும் காசுகள் அந்த வகை. அவை கதவில்லாத வீட்டில் இருக்கின்றன. பிறகு பரவலான, '1' என்று தொடங்கும் முகவரிகளும் 'பிசி1க்யூ' என்று தொடங்கும் முகவரிகளும் அரைத்த மாவு. அவற்றில் காசு வந்து படுத்திருக்கும்வரை பப்ளிக் கீ வெளியே தெரியாது. ஆனால் அங்கிருந்து ஒரே ஒரு முறை பணம் அனுப்பினால் போதும், கையெழுத்தோடு பப்ளிக் கீயும், எல்லோரும் பார்க்கக்கூடிய பிளாக்செயின் என்ற பொதுக் கணக்கேட்டில் ஏறிவிடும். ஏறியதை யாராலும் அழிக்க முடியாது. அதன்பின் அதே முகவரியில் மறுபடி பணம் வாங்கி வைத்தால் அதுவும் திறந்த வீடுதான்.

2021 நவம்பரில் வந்த டேப்ரூட் முகவரி, அதாவது 'பிசி1பி' என்று தொடங்குவது, புதிய தொழில்நுட்பம். ஆனால் இந்த ஒரு விஷயத்தில் பழைய நிலைக்கே திரும்பிவிட்டது. அங்கே பப்ளிக் கீ முகவரியிலேயே இருக்கிறது. 'புதுசுதானே பாதுகாப்பு' என்று ஒரு தம்பி எல்லாவற்றையும் அங்கே மாற்றிவிட்டு வந்து பெருமையாகச் சொன்னார். சொல்ல எனக்கே சங்கடமாகத்தான் இருந்தது.

என் முகவரி எந்த ரகம் என்று எப்படிப் பார்ப்பது?

முதல் எழுத்துகளைப் பாருங்கள். பிறகு அந்தப் பொதுக் கணக்கேட்டைத் தேடிப் பார்க்கும் வெப்சைட்டான ஏதாவது ஒரு பிளாக் எக்ஸ்ப்ளோரரில் முகவரியைப் போட்டு, அதிலிருந்து பணம் வெளியே போயிருக்கிறதா, போன பிறகும் மிச்சம் இருக்கிறதா என்று பாருங்கள். போயிருந்து, மிச்சமும் இருந்தால், அந்த மிச்சத்தை இதுவரை பயன்படுத்தாத ஒரு முகவரிக்கு அனுப்பிவிடுங்கள். நல்ல வாலட் எல்லாம் ஒவ்வொரு முறையும் புது முகவரிதான் காட்டும். நாம்தான் சோம்பலில் பழைய க்யூஆரையே பிரிண்ட் எடுத்து ஒட்டி வைக்கிறோம்.

லாபக் கணக்குப் பார்க்கும் ஆப்களில் 'எக்ஸ்பப்' என்று ஒரு நீளமான குறியீட்டைக் கேட்பார்கள். அதைக் கொடுத்தால் அந்தக் கணக்கின் பப்ளிக் கீகள் அத்தனையும் அவர்கள் கையில்.

உங்கள் சொந்த வாலட்டிலிருந்து உங்கள் சொந்த வாலட்டுக்கு அனுப்புவது விற்பனை இல்லை, 30 சதவீத வரி லாபத்தோடு கைமாற்றும்போது வருவது. ஆனாலும் டிரான்சாக்ஷன் எண்ணைக் குறித்து வையுங்கள். ஆடிட்டர் ஒருநாள் கேட்பார்.

எத்தேரியம், சோலானா வைத்திருக்கிறேன். அங்கேயும் இதேதானா?

எத்தேரியத்தில் ஒரே கணக்கைத்தான் வருடக்கணக்கில் வைத்திருக்கிறோம். ஒரு முறை அனுப்பியிருந்தாலே பப்ளிக் கீ வெளியே. சோலானாவில் முகவரியே பப்ளிக் கீ. அதனால் இங்கே தனி மனிதராக நீங்கள் செய்வதற்குக் குறைவு, அந்தந்த நெட்வொர்க்தான் மாற வேண்டும்.

ஒரு ஆறுதல் உண்டு. எத்தேரியத்தை உருவாக்கிய விட்டாலிக் பியூட்டரின் 2024 மார்ச்சில் ஒரு யோசனை எழுதினார். திடீரென்று குவாண்டம் ஆபத்து வந்தால் செயினைப் பின்னுக்கு இழுத்து நிறுத்தி, 'இந்தச் சாவி என் 12 வார்த்தையிலிருந்து பிறந்தது' என்று நிரூபிப்பவருக்குக் கணக்கைத் திருப்பித் தரலாம் என்பது அது. சாவியை உடைத்தவனுக்கும் வார்த்தை தெரியாது, ஏனென்றால் நடுவில் கிரைண்டர் இருக்கிறது. யோசனைதான், நடைமுறை இல்லை. ஆனால் வார்த்தைகளைத் தொலைக்காமல் வைத்திருக்க இன்னொரு காரணம் கிடைத்தது.

சரி, எப்போது வரும்? வருடத்தைச் சொல்லுங்கள்.

வருடம் சொல்பவரை நம்பாதீர்கள். எண்களைச் சொல்கிறேன், நீங்களே முடிவு செய்யுங்கள்.

பிட்காயின் வகைச் சாவி ஒன்றை உடைக்கப் பிழையில்லாத க்யூபிட் சுமார் 2,330 வேண்டும் என்று 2017-இல் ஒரு கணக்கு வந்தது. க்யூபிட் என்பது குவாண்டம் கம்ப்யூட்டரின் அடிப்படைத் துண்டு. பிழையில்லாத ஒன்றைச் செய்ய, பிழை நிறைந்த நூற்றுக்கணக்கான நிஜத் துண்டுகளைச் சேர்த்துக் கட்ட வேண்டும். தொட்டால் ஆடும் நாற்காலிகளைக் கயிற்றால் சேர்த்துக் கட்டி ஒரு ஆடாத மேடை போடுவது மாதிரி. 2024 டிசம்பரில் கூகுள் காட்டிய வில்லோ சிப்பில் இருந்தவை 105 நிஜத் துண்டுகள். நம் மத்திய அரசு 2023 ஏப்ரலில் 6,003 கோடி ரூபாய்க்கு ஒப்புதல் தந்த தேசிய குவாண்டம் மிஷனின் இலக்கே எட்டு ஆண்டில் 50 முதல் 1,000 துண்டுகள்தான்.

இவ்வளவு கேட்டு நிம்மதியாகத் தூங்கப் போகிறவர்களுக்கு இன்னொரு கணக்கு. ஆர்எஸ்ஏ-2048 என்கிற, இணையத்தில் பரவலாக இருக்கும் பூட்டை உடைக்க 2 கோடி துண்டுகள் வேண்டும் என்று 2019-இல் கூகுளின் கிரெய்க் கிட்னியும் அவருடைய கூட்டாளியும் கணக்கிட்டார்கள். 2025 மே மாதம் அதே கிட்னி, 10 லட்சத்துக்கும் குறைவான துண்டுகளில் ஒரு வாரத்துக்குள் முடியும் என்றார். ஆறு வருடத்தில் இருபதில் ஒரு பங்கு. மெஷின் வளரும் வேகத்தைப் பற்றித்தான் எல்லோரும் பேசுகிறார்கள். என்னைக் கேட்டால் கவனிக்க வேண்டியது தேவை சுருங்கும் வேகம்.

அமெரிக்கத் தர நிர்ணய அமைப்பான நிஸ்ட், இந்தப் பழைய வகைக் கையெழுத்துகளை 2035-க்குப் பிறகு அனுமதிப்பதில்லை என்று 2024 நவம்பரில் வரைவு வெளியிட்டது. நானும் அந்த வருடத்தை மனதில் வைத்துத்தான் என் வேலையைச் செய்கிறேன். நாளைக்கே வரும் என்று தூக்கம் கெடுவதில்லை.

12 வார்த்தையை 24 ஆக்கினால் குவாண்டத்திலிருந்து தப்பலாமா?

இல்லை. ஷோர் வழி வார்த்தைப் பக்கமே வராது, பப்ளிக் கீயிலிருந்து நேராகச் சாவிக்குப் போகும். முன்கதவில் இரட்டைத் தாழ்ப்பாள் போட்டுவிட்டுக் கொல்லைச் சுவரை இடிந்தபடியே விட்ட கதை. இன்றைய திருடனுக்கு 12 சொல்லே எட்டாது.

டெலிகிராமில் 'குவாண்டம் அப்டேட், 48 மணி நேரத்துக்குள் வாலட்டை மாற்றுங்கள்' என்று வந்தது. செய்யலாமா?

செய்யாதீர்கள். ஓல்டு டவுனிலிருந்து ஒரு அண்ணன் கடைக்கு வந்ததைச் சொல்கிறேன்.

கையில் போன். அதில் ஒரு பக்கம் திறந்திருக்கிறது, நீல நிறத்தில் அழகான லோகோ, கீழே ஓடிக்கொண்டிருக்கும் கடிகாரம், 12 கட்டங்கள். ஒன்பது கட்டம் நிரப்பியிருந்தார். 'தம்பி, இந்தப் பத்தாவது வார்த்தை என்னன்னு பாரு, மை கலைஞ்சு போச்சு' என்று டைரியை நீட்டினார். வெள்ளத்தில் நனைந்த டைரி. அந்த வரி மட்டும் நீலத் திட்டாக இருந்தது. என் மேஜை விளக்கில் காட்டிப் பார்த்தார், போனில் டார்ச் அடித்துப் பார்த்தார், முதல் எழுத்து தவிர ஒன்றும் பிடிபடவில்லை. அந்தத் திட்டுதான் அவரைக் காப்பாற்றியது.

அதுவும் பாதிதான் காப்பாற்றியது. இந்த மாதிரிப் பக்கங்கள் 'சமர்ப்பி' அழுத்தக் காத்திருப்பதில்லை, நீங்கள் அடிக்க அடிக்கவே எடுத்துக்கொள்ளும். ஒன்பது சொல் போய்விட்டால் மிச்சம் மூன்று. வார்த்தைகள் சரியா என்று பார்க்க அவற்றுக்குள்ளேயே வைத்திருக்கும் சரிபார்ப்புப் பிட்களைக் கழித்தால் சுமார் 53 கோடி சேர்க்கைதான் பாக்கி. கேட்கப் பெரிதாக இருக்கும், நல்ல கிராஃபிக்ஸ் கார்டு உள்ள ஒரு கம்ப்யூட்டர் ஒரு நாளுக்குள் முடித்துவிடும். குவாண்டம் எல்லாம் வேண்டாம். நல்லவேளை, பழைய வாலட் அவர் போனிலேயே திறந்திருந்தது. அங்கேயே உட்கார்ந்து புது வாலட் ஒன்று போட்டு, நான் முகத்தைத் திருப்பிக்கொள்ள, அவரே வார்த்தைகளை எழுதி, மொத்தத்தையும் அதற்கு அனுப்பினார். டீ ஆறிப்போனது, வாங்கிக் கொடுத்தவர் அவர்தான்.

நாளை நிஜமாகவே குவாண்டம் மாற்றம் வரும்போதும் உங்கள் வாலட் ஆப் புதிய வகை முகவரி தரும், நீங்கள் அதற்குப் பணத்தை அனுப்புவீர்கள், அவ்வளவுதான். எந்த வெப்சைட்டிலும் வார்த்தைகளை அடிக்க வேண்டிய அவசியம் வராது. பணம் போய்விட்டால் சைபர் குற்ற உதவி எண் 1930-க்கு உடனே போன் அடியுங்கள், வெட்கப்பட்டுக்கொண்டு ஒரு வாரம் கழித்து அடிப்பதில் பயனில்லை.

எக்ஸ்சேஞ்சில்தான் வைத்திருக்கிறேன். எனக்கு என்ன கவலை?

சாவி உங்களிடம் இல்லை, வாங்கி விற்க உதவும் அந்த நிறுவனத்திடம் இருக்கிறது, அதனால் சாவிக் கவலையும் இல்லை. வேறு கவலை உண்டு. 2024 ஜூலையில் இந்திய எக்ஸ்சேஞ்ச் ஒன்றிலிருந்து சுமார் 23 கோடி டாலர் திருடு போனது. அங்கே யாரும் கணக்குப் போட்டு எந்தச் சாவியையும் உடைக்கவில்லை.

பிட்காயின்காரர்கள் சும்மா இருக்கிறார்களா?

சும்மா இல்லை, ஆனால் மெதுவாக. மாற்றுப் பூட்டுகள் தயார். 2024 ஆகஸ்டில் நிஸ்ட் மூன்று புதிய தரங்களை வெளியிட்டது, அவற்றில் இரண்டு கையெழுத்துக்கானவை. பிப்-360 என்ற பெயரில் பிட்காயினுக்கும் ஒரு முன்மொழிவு பேசப்படுகிறது.

சிக்கல் எடையில். டேப்ரூட்டில் இப்போது போடும் ஷ்னோர் வகைக் கையெழுத்து 64 பைட். நிஸ்டின் புதிய தரங்களில் ஒன்றான எம்எல்-டிஎஸ்ஏ கையெழுத்தின் சிறிய வகையே 2,420 பைட், கூடவே 1,312 பைட் பப்ளிக் கீ. விழுப்புரம் பஸ்ஸில் கைப்பையோடு ஏறியவர்கள் எல்லோரும் நாளையிலிருந்து பீரோவோடு ஏறினால் எப்படி? பஸ்ஸை மாற்ற வேண்டும், அதற்கு உலகம் முழுக்க இருக்கும் ஆட்கள் ஒத்துக்கொள்ள வேண்டும். அப்புறம் சதோஷியின் காசு பஞ்சாயத்து வேறு. அதை முடக்கிவிடலாமா, முதலில் உடைப்பவன் எடுத்துக்கொள்ளட்டும் என்று விடலாமா? முடக்கினால் 'யாருடைய காசையும் யாரும் தொட முடியாது' என்ற ஆதாரக் கொள்கையே போய்விடும். விட்டால் சந்தையில் திடீரென்று லட்சக்கணக்கில் காசு கொட்டும். எனக்கும் இதில் ஒரு முடிவுக்கு வர முடியவில்லை.

எல் சால்வடோர் அரசு 2025 ஆகஸ்டில் தன் கையிருப்பை 14 முகவரிகளாகப் பிரித்தது, ஒவ்வொன்றிலும் 500 பிட்காயினுக்கு மேல் இல்லாமல். சொன்ன காரணம் குவாண்டம்தான். ஒரு நாடு செய்ததும் நான் மேலே சொன்ன அதே வேலைதான், பயன்படுத்தாத முகவரிக்கு மாற்றுவது. கூடவே பிரித்தும் வைத்தது.

பேங்க் கணக்கும் யுபிஐயும்கூட உடையுமா?

அங்கேயும் பூட்டு மாற்ற வேண்டும். ஆனால் பேங்க் ஒரு ராத்திரியில் சர்வரை மாற்றலாம், தவறு நடந்தால் பணத்தைத் திருப்பலாம். மெசேஜ் அனுப்பும் சிக்னல் ஆப் 2023-லேயே தன் பூட்டை மாற்றத் தொடங்கிவிட்டது, பயன்படுத்துகிறவர்களில் பாதிப் பேருக்கு அது தெரியவே தெரியாது.

பாத்திரக்கடையில் பெயர் வெட்டித் தருவது மாதிரி, 12 வார்த்தையை எவர்சில்வர் தட்டில் வெட்டி வாங்கலாமா?

சிரிக்காதீர்கள், இது நான்கு பேர் கேட்ட கேள்வி. யோசனையில் பாதி அருமை. 2011 தானே புயல், 2015 வெள்ளம், ஃபெஞ்சல் என்று பார்த்த ஊரில் காகிதத்தை நம்ப முடியாது. லேமினேட் செய்தாலும் ஓரத்தில் தண்ணீர் ஏறும். போட்டோ எடுத்து வைப்பது அதைவிட மோசம். போனில் உள்ள படங்களைப் படித்து வாலட் வார்த்தைகளைத் தேடும் வைரஸை, ஆப் ஸ்டோரிலேயே இருந்த ஆப்களுக்குள் வைரஸ் தடுப்பு நிறுவனமான காஸ்பர்ஸ்கி 2025 பிப்ரவரியில் கண்டுபிடித்துச் சொன்னது.

கெட்ட பாதி, வெட்டித் தருபவர் படிப்பார் என்பது. அதனால் நீங்களே வெட்டுங்கள். ஹார்டுவேர் கடையில் லெட்டர் பஞ்ச் செட் கிடைக்கும், சின்னச் சின்ன உளி, முனையில் ஒவ்வொரு எழுத்து. ஒரு இன்ச் அகல எஸ்.எஸ். பட்டையும் சுத்தியலும் போதும். ஆங்கிலப் பட்டியலில் முதல் நான்கு எழுத்து எந்த இரண்டு சொல்லுக்கும் ஒன்றாக வராது. ஆகவே 12 சொல்லுக்கு அதிகபட்சம் 48 அடி. நான் மாடியில் உட்கார்ந்து அடித்தேன். மூன்றாவது சொல்லில் 'என்' எழுத்தைப் பக்கவாட்டில் வைத்து அடித்துவிட்டேன், அது 'இஸட்' ஆகிவிட்டது. பட்டையை எறிந்துவிட்டுப் புதிதாக ஆரம்பித்தேன். பிறகு எறிந்த பட்டையைத் தேடி எடுத்து அரம் போட்டு அழித்தேன். கடலோரத்தில் இருந்தால் 304-ஐ விட 316 கிரேடு உப்புக்காற்றைத் தாங்கும், கொஞ்சம் விலை கூடுதல்.

அண்ணன் பாரிஸில் இருக்கிறார். ஆறு வார்த்தை அவரிடம், ஆறு வார்த்தை முத்தியால்பேட்டை வீட்டில். நல்ல யோசனைதானே?

பாண்டியிலிருந்து வரும் போன்களில் இதுதான் அதிகம். தொலைவது என்று பார்த்தால் ஆபத்து இரட்டிப்பு, எந்தப் பாதி போனாலும் மொத்தமும் போச்சு. திருட்டு என்று பார்த்தாலும் நினைக்கிற அளவுக்குப் பாதுகாப்பு இல்லை. 128 பிட் பலத்தில் ஒரு பாதி வெளியானால் மிஞ்சுவது 62 பிட்தான், பாதி அல்ல, பல கோடி கோடி மடங்கு குறைவு. திருடனுக்கு வெகு அருகில் வந்துவிடும்.

பிரித்துத்தான் ஆக வேண்டும் என்றால் மல்டிசிக் போடுங்கள். மூன்று சாவி, எந்த இரண்டு இருந்தாலும் பணம் நகரும். ஒன்று அண்ணனிடம், ஒன்று வீட்டில், ஒன்று லாக்கரில். வாலட் அமைப்பு விவரம் எழுதிய தாளின் நகல் மூன்று இடத்திலும் இருக்கட்டும், அது இல்லாமல் இரண்டு சாவி மட்டும் கையில் இருந்தால் வெறும் இரும்பு. அண்ணியிடமும் ஒரு வார்த்தை சொல்லி வையுங்கள். எதற்கு என்று தெரியாமல் பட்டையைப் பழைய இரும்புக்காரரிடம் போட்டுவிட்ட வீடு எனக்குத் தெரியும்.